பாடாலூர் அண்ணன் வீட்டு அட்டை

சிந்தாமணி என்ற பெயரைச் செங்கமலம் முதன்முதலில் கேட்டது ஒரு கயிற்றுக் கட்டிலின் சாவுச் சேதியோடுதான். எழுபத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம். கொழுந்தன் சாமிதுரைக்குப் பெண் தேடிச் செருப்பு தேய்ந்த தரகர் தர்மராஜ், மோரைக் குடித்துவிட்டு இழுத்து இழுத்துச் சொன்னார்.

"ரஞ்சன்குடியில ஒரு பொண்ணு இருக்குங்க. பேரு சிந்தாமணி. மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சங்கதிதான்."

"என்ன சங்கதி? காது கேக்காதா?"

"அதெல்லாம் கேக்கும். அப்பன் படுக்குற கட்டுலை அவுத்துப் பாத்துருச்சு. கயிறு எங்க போயி எங்க திரும்புதுன்னு பாக்கணுமாம். அவுத்துருச்சு, திருப்பிக் கட்டத் தெரியல. மனுசன் நாலு நாளா தரையில படுத்துக் கெடக்காரு."

செங்கமலம் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தாள். "கட்டுலைத்தானே அவுத்தா, குடும்பத்தையா அவுத்தா? கட்டி வைங்க" என்று சொல்லிச் சிரித்தாள். மூத்த மருமகள் வாயால் சொன்னதாயிற்றே, புரட்டாசி கழிந்ததும் கட்டி வைத்துவிட்டார்கள். அந்த ஒரு சிரிப்புக்காகச் செங்கமலம் பின்னால் தன்னைத் தானே திட்டிக்கொள்ளாத நாள் குறைவு.

அரியலூரிலிருந்து செந்துறை போகும் பஸ், டிரைவருக்கு மனசிருந்தால் நிற்கிற ஊர், செங்கமலம் வாழ்க்கைப்பட்டது. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். மூத்தவன் செல்லப்பன், செங்கமலத்தின் புருஷன், கொட்டாவி விடுவதற்கு மட்டும் வாயைத் திறக்கிறவன். இளையவன் சாமிதுரை சுண்ணாம்புக்கல் லாரியில் பாரம் ஏற்றப் போவான். நிலம் வானத்தைப் பார்த்த பூமி. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவது.

அந்த வீட்டில் செங்கமலம் பூட்டாமல் வைத்திருந்த சொத்து ஒன்று உண்டு. கூடத்து உத்திரத்தில் தொங்கிய கம்பி. வருகிற கடுதாசியையும் கல்யாணப் பத்திரிகையையும் அதில் குத்தி வைப்பார்கள். ஏழைச் சொந்தம் அனுப்புகிற மஞ்சள் தாள் பத்திரிகை மேலே போய் ஒளிந்துகொள்ளும். கெட்டி அட்டையில் அடித்த பத்திரிகைகளை அவள் கண்ணில் படுகிற மாதிரி கீழே இறக்கி வைப்பாள். எல்லாவற்றுக்கும் கீழே, வருகிறவர்கள் நெற்றியில் இடிக்கிற உயரத்தில், பாடாலூர் அரங்கநாதன் வீட்டு அட்டை.

அரங்கநாதன் செங்கமலத்துக்குப் பெரியப்பா மகன். உறவில் அண்ணன், தோரணையில் கலெக்டர். பாடாலூரில் திருச்சி ரோட்டு மேலேயே அவருக்கு ஓர் உரக்கடை, ஒரு டீக்கடை, பஞ்சர் ஒட்டுகிற கொட்டகை. மூத்த மகள் கல்யாணத்துக்கு அவர் அடித்த பத்திரிகை பலகை மாதிரி இருந்தது. அதை விசிறியாகவும் வீசிக்கொள்ளலாம், அவசரத்துக்குப் பானையையும் மூடலாம். அவருடைய ஒரே மகன் ராசாங்கம். செங்கமலத்தின் ஒரே மகள் கண்ணகி. கண்ணகியை அந்த வீட்டுக்கு மருமகளாக அனுப்ப வேண்டும். செங்கமலத்துக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கண்ணகிக்கும் ராசாங்கத்தைப் பிடித்துத்தான் இருந்தது. நல்லவேளை, அது ஆத்தாளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாப்பிள்ளை பார்த்திருப்பாள்.

இது இப்படி இருக்க, எழுபத்தெட்டில் அரியலூருக்கு ஒரு வெள்ளைக்காரர் பெண்டாட்டியோடு வந்து சேர்ந்தார். கல்லாய்ப் போன நத்தையைத் தேடி வந்தாராம். ஊர்க்காரர்கள் காலில் குத்துகிறது என்று வரப்புக்கு வெளியே எறிகிற கல்லைக் குனிந்து எடுத்து, துடைத்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்குவார். படித்தவர்கள் செய்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி. அந்த வீட்டுக்குத் தயிர் கொண்டுபோகிற வேலை சிந்தாமணிக்கு வாய்த்தது. எட்டு மணிக்குத் தயிரோடு போகிறவள் பதினோரு மணிக்கு வெறும் சட்டியோடு வந்தாள். பத்து நாள் பொறுத்த செங்கமலம் கேட்டுவிட்டாள்.

"ஏண்டி, தயிரை நீயே ஊட்டி விட்டுட்டு வரியா?"

"இல்லக்கா. அந்தம்மா அட்டையை வச்சு நாடா நெய்யுது. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

"தறி வச்சிருக்கா?"

"தறியே இல்லக்கா! வெறும் அட்டை. அவங்க ஊர்ல ஆதி காலத்துலேருந்து இப்புடித்தான் நெய்வாங்களாம்."

"அது எப்புடி உனக்குத் தெரியும்? அவ பேசுறது உனக்குப் புரியுமா?"

"கையைப் பின்னாடி பின்னாடி தூக்கிக் காட்டுச்சு. ரொம்பக் காலம்னு நானாப் புரிஞ்சுக்கிட்டேன்."

அந்த அம்மாளுக்குத் தெரிந்த தமிழ் இரண்டே வார்த்தை, 'போதும்', 'இல்லே'. இந்த இரண்டை வைத்துக்கொண்டு அவள் சொல்லிக்கொடுத்தாள், இவளும் கற்றுக்கொண்டாள். சதுர அட்டை, நாலு மூலையிலும் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு நூல். இப்படிப் பதினாறு அட்டையைச் சீட்டுக்கட்டு போல ஒட்டி நிறுத்த வேண்டும். நூலின் ஒரு முனை எதிரே ஒரு முளையில், மறுமுனை நெய்கிறவள் இடுப்பில். அட்டைகளை மொத்தமாகப் பிடித்து முன்பக்கம் கால் சுற்று திருப்பினால், நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து நடுவில் வழிவிடும். அதில் குறுக்கு நூலை விட்டு, இறுக அடித்து, மறுபடி ஒரு திருப்பு. அவ்வளவுதான் வித்தை.

அவ்வளவுதான் என்று சிந்தாமணி நினைத்தாள். பன்னிரண்டாம் நாள் நத்தையெல்லாம் பெட்டியில் அடங்கிவிட்டது. வெள்ளைக்காரர் பெண்டாட்டியையும் அட்டையையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். சிந்தாமணிக்குக் கிடைத்தது பாதி வித்தை. எது மீதிப் பாதி என்று அவளுக்கே தெரியாது.

ஆனாலும் கட்டிலை அவிழ்த்தவள் சும்மா இருப்பாளா? எங்கிருந்தோ அட்டை சம்பாதித்துப் பதினாறு சதுரம் வெட்டினாள். கோணி ஊசியால் ஓட்டை போட்டாள். ஜெயங்கொண்டத்துப் பக்கமிருந்து மீந்த நூல் வாங்கி வந்தாள். நூலின் முனையை மாட்டுக் கொட்டகையில் காளை கட்டுகிற முளையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அகப்பைக் காம்புதான் அடிக்கிற கட்டை. எதிர்வீட்டு ஆண்டாயி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள், "மாட்டை அவுத்து வுட்டுட்டு உன்னையக் கட்டிப் போட்டுட்டாங்களா சிந்தாமணி? தீனி கீனி வைக்கிறாங்களா?"

"நீ ஒரு கை புல்லு போட்டுட்டுப் போ ஆண்டாயி" என்றாள் சிந்தாமணி, தலையைத் தூக்காமல்.

ஒன்றரை முழம் பட்டை நன்றாக வந்தது. சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்ந்த கோடு. அதற்கு மேல் அட்டை நகர மறுத்தது. முன்பக்கமாகவே திருப்பத் திருப்ப, அட்டைக்கு அந்தப் பக்கம் முளை வரைக்கும் நூல் முறுக்கேறிப் பாம்புக் குட்டிகளாகச் சுருண்டு கிடந்தது. முளையிலிருந்து அவிழ்த்து, அறுபத்து நாலு நூலையும் ஒவ்வொன்றாக நீவி, மறுபடி கட்ட அரை நாள். ஒன்றரை முழத்துக்கு ஒரு தடவை இந்தத் தவம். சாமிதுரை ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ஒரு நா நெய்யுறே, ஒரு நா சிக்கெடுக்குறே. உனக்குத் தலைமுடியே போதாதா?" என்றான். அவனுடைய யோசனை வீட்டுக்குச் செய்த உதவி அந்த ஒன்றுதான்.

அந்த ஒன்றரை முழத்தை வீட்டுக் காளையின் நெற்றியில் கட்டிவிட்டாள். ஐப்பசியில் செல்லப்பன் வண்டி கட்டி அரியலூர் போனபோது அதை அரங்கநாதன் பார்த்துவிட்டார். மறுவாரமே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். மாட்டுப் பொங்கலுக்குத் தன் ஜோடிக் காளைக்கு இரண்டு கழுத்துப்பட்டை வேண்டும். ஒவ்வொன்றும் நாலு முழம், இரண்டு சுற்று வர வேண்டும், சலங்கை அவர் கோத்துக்கொள்வார். கார்த்திகை இருபத்தெட்டாம் தேதி தானே வந்து வாங்கிக்கொள்கிறார். 'அப்புடியே நம்ம பொண்ணு விசயமும் பேசி முடிச்சுக்கலாம்.'

செங்கமலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்தெட்டைத் தவறவிட்டால் மார்கழி பிறந்துவிடும், பேச்சு நின்றுவிடும். தை பிறந்ததும், ராசாங்கத்துக்குப் பெண் கொடுக்கக் காத்திருக்கிற துறையூர்க்காரர்கள் அரங்கநாதன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆக, எல்லாம் அந்த ஒரு நாளில் இருந்தது. அதுவரை 'எளவெடுத்த நாடா' என்று இருந்தது, அன்றிலிருந்து 'நம்ம சிந்தாமணி கைவேலை' ஆயிற்று. முற்றம் தெளிக்கிற வேலையைக்கூட அவளுக்கு வைக்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி. வீட்டைத் துடைத்து, அண்ணன் வருகிற நாளில் அவர் பத்திரிகை பளிச்சென்று தொங்க வேண்டுமே என்று செங்கமலம் கம்பியை இறக்கினாள். கம்பி லேசாக இருந்தது. கீழே இருந்த அட்டைகள் எதையும் காணோம். மஞ்சள் தாள்கள் மட்டும் மேலே இருந்து இறங்கி வந்து, என்றைக்குமே நாங்கள்தான் முதல் என்பதுபோல ஆடிக்கொண்டிருந்தன.

தாள்கள் ஆடிய ஆட்டத்தில் மூன்று மாதமாகக் கம்பி காலியானதே அவள் கண்ணில் படவில்லை; சிந்தாமணிக்கு அட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் தோன்றவே இல்லை. இப்போது தோன்றியது.

கொட்டகைக்கு ஓடினாள். சிந்தாமணி நூல் வாங்கப் போயிருந்தாள். ஒரு பட்டை முடிந்து சுருட்டி வைத்திருந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. அதன் நடுவே பதினாறு அட்டை. குனிந்து விரித்துப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகம். செந்துறை மாமன் மகள் கல்யாணம் இரண்டு துண்டாக. குன்னத்துச் சின்னம்மா வீட்டுக் காதுகுத்து இரண்டு துண்டாக. எட்டு வீட்டு விசேஷம், பதினாறு சதுரம், ஒவ்வொன்றிலும் நாலு ஓட்டை. பத்திரிகையின் மூலையில் மங்களமாக மஞ்சள் தடவுவார்கள் அல்லவா? அந்த மஞ்சள் இருந்த மூலைகளில் இவள் அளவெடுக்கக்கூட மெனக்கெடவில்லை. மஞ்சள் மேலேயே ஊசியை இறக்கியிருந்தாள்.

பாடாலூர் அட்டை எங்கே என்று தேடவே வேண்டாம். கட்டின் இந்தக் கடைசியில் ஒரு பாதி, அந்தக் கடைசியில் ஒரு பாதி, இரண்டும் வெளியே பார்த்தபடி. இடதுபக்கம் உட்காருகிறவனுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் தெரிவார்கள். வலதுபக்கம் உட்காருகிறவனுக்குச் சிவப்பு மசியில் கொட்டை எழுத்தில், 'பாடாலூர் அரங்கநாதன்'. கழுத்துக்கு இரண்டு, காலுக்கு இரண்டு என்று நாலு ஓட்டையோடு.

கல்யாணப் பத்திரிகையைக் கிழிப்பதே ஆகாது. ஓட்டை போட்டு நூல் கோத்து, அதில் மாட்டுக்குப் பட்டை நெய்து, அதை அந்த வீட்டுக்காரரிடமே கொடுக்கப் போகிறாள் இவள்.

உருவி எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். ஓட்டைக்குள் நூல் ஓடுகிறது, உருவ முடியவில்லை. அறுத்துவிட்டால்? அறுத்தால் பட்டை போச்சு. பட்டை இல்லை என்றால் அண்ணன் கோபிப்பார். பட்டை இருந்தால் அட்டை இருக்கும், அண்ணன் அதைவிட அதிகம் கோபிப்பார். பெயரையாவது தலைகீழாக்கி வைப்போம், அண்ணன் தலையைச் சாய்த்துப் படிக்கவா போகிறார் என்று அட்டைக் கட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்பக்கம் திருப்பினாள். முறுக்கேறிப்போய் அசையவில்லை. சனியனே என்று பின்பக்கம் திருப்பினாள். வெண்ணெய் மாதிரி திரும்பியது. ஒன்று. இரண்டு. அரங்கநாதன் தலைகீழாக நின்றார்.

"அக்கா! என்ன செஞ்சீங்க?"

நூல்கண்டோடு வாசலில் சிந்தாமணி.

"என்ன செஞ்சேனா? நீ என்னடி செஞ்சு வச்சிருக்கே? எங்கண்ணன் வூட்டுப் பத்திரிகையில..."

சிந்தாமணி அவளைப் பார்க்கவே இல்லை. அட்டைக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருண்டு கிடந்த பாம்புக் குட்டிகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன.

"எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

"பின்னாடி! தலைகீழா வச்சாலாவது..."

சிந்தாமணி நூல்கண்டைக் கீழே போட்டாள். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். குறுக்கு நூலை விட்டு அடித்தாள். பின்பக்கம் ஒரு திருப்பு, ஓர் அடி. மறுபடி பின்பக்கம். அதுவரை ஒரே பக்கமாகச் சாய்ந்து வந்த கோடு எதிர்ப்பக்கம் சாயத் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து, உழவில் சால் மடங்குகிற மாதிரி ஒரு முனை விழுந்தது. அந்தப் பக்கம் முறுக்கு ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டே போனது.

"போன அளவுக்குத் திரும்பணும்க்கா" என்றாள். "அந்தம்மா இத எனக்குக் காட்டாமலே போயிருச்சு. மூணு மாசமா நான் சிக்கெடுத்துக்கிட்டுக் கெடக்கேன். நீங்க ஒரு நொடியில கண்டுபிடிச்சுட்டீங்க!"

கெடுக்கப் போன இடத்தில் கும்பிடு விழுந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? செங்கமலம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு ஞாபகம் வந்து, "முதல்ல அண்ணன் அட்டையை எடுடி" என்றாள்.

"எடுக்கணும்னா நூலை அறுக்கணும்."

"வேற அட்டையே உனக்குக் கெடைக்கலையா?"

"ஓரத்து அட்டைதான்க்கா அதிகமாத் தேயும். கெட்டியா வேணும். அதான் ரெண்டு ஓரத்துக்கும் அண்ணன் வூட்டு அட்டையா வச்சேன்."

மூன்று நாளும் செங்கமலம் சரியாகச் சாப்பிடவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலையில் கடைசி முயற்சியாக, மஞ்சளைக் குழைத்துப் பெயர் மேல் அப்பினாள். மங்களமாகவும் ஆச்சு, மறைத்ததாகவும் ஆச்சு. ஈரமாக இருந்தவரை மறைத்தது. காய்ந்ததும் மஞ்சள் மேல் சிவப்பு எழுத்து, தேர்தல் சுவரொட்டி மாதிரி தூரத்திலிருந்தே கூப்பிட்டது.

பத்து மணி பஸ்ஸில் அரங்கநாதன் இறங்கினார். கூடவே மச்சினன் அய்யம்பெருமாள். ஒரு வீட்டில் காப்பி நன்றாக இருந்தால் அதையே குறையாகச் சொல்லத் தெரிந்த ஆள். கூடத்தில் பாய் விரித்துப் பலகாரம் வைத்தாயிற்று. கண்ணகி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். முடிந்த பட்டையைக் கையில் வாங்கிய அரங்கநாதன் இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இன்னொண்ணு எங்க?"

"நாளைக்கு முடிஞ்சுரும்ண்ணே. எங்க வூட்டுக்காரவுக கொண்டாந்து குடுத்துடுவாக. நீங்க இந்த முறுக்கை எடுத்துக்குங்க" என்றாள் செங்கமலம்.

"எப்புடி நெய்யுறாங்கன்னு பாப்போம் மாமா" என்று அய்யம்பெருமாள் எழுந்துவிட்டார். வேட்டியைப் பிடித்து உட்கார வைக்கவா முடியும்?

கொட்டகையில் சிந்தாமணி முளைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அய்யம்பெருமாள் வலதுபக்கம் போய்க் குனிந்தார். அந்த ஆளுக்கு இடதுபக்கம் இருப்பதே தெரியாதா என்று செங்கமலம் மனசுக்குள் கதறினாள்.

"மாமா! இங்க வாங்க. உங்க பேரு போட்டுருக்கு! அட, நம்ம பாப்பா கலியாணப் பத்திரிகையில்ல இது? ஓட்டை போட்டு மாட்டுக் கொட்டாயில..."

அரங்கநாதன் குனிந்தார். நிமிர்ந்தார். மீசை ஒருமுறை ஏறி இறங்கியது.

"என்னா செங்கமலம் இது? நான் வச்ச பத்திரிகைக்கு உங்க வூட்டு மரியாதை இதானா?"

கொல்லைக் கதவுக்குப் பின்னால் கண்ணகியின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. பதில் சொன்னது சிந்தாமணி, அட்டையிலிருந்து கையை எடுக்காமல்.

"பதினாறு அட்டையில உங்களுது ரெண்டுதாண்ணே தாங்குது. செந்துறையாளுங்களோடது ஓட்டை கிழிஞ்சு மூணு தடவை ஒட்டிட்டேன். குன்னத்து அட்டை வேர்வை பட்டே நெளிஞ்சுருச்சு. உங்களுது மூணு மாசமா ஓரத்துல நின்னு அத்தனை தேய்ப்பையும் வாங்குது, ஒரு மூலை மடங்கல. இந்த அட்டை இல்லன்னா இந்தப் பட்டையே இல்ல."

அரங்கநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"திருச்சியில அடிச்சது" என்றார். "அச்சாபீஸ்காரன் இம்புட்டு கெட்டி எதுக்குன்னான். போடுய்யா, நம்ம பேரு நிக்கணும்னேன்." பிறகு மச்சினனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிந்தாமணியிடம் கேட்டார். "ஏம்மா, போன வருசம் இவன் மகன் கலியாணத்துக்கு ஒண்ணு அடிச்சானே, அது எங்க?"

"அது தாளுங்கண்ணே. ஓட்டை போடுறப்பவே ரெண்டாப் போயிருச்சு."

அரங்கநாதன் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. சிந்தாமணி நயமாகப் பேசினாளா, உள்ளதைச் சொன்னாளா என்று செங்கமலம் அவள் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் அடுத்த திருப்புக்குப் போய்விட்டாள்.

கூடத்துக்குத் திரும்பி, முறுக்கைக் கடித்துக்கொண்டே அரங்கநாதன் பேச்சை முடித்தார். தையில் பாக்கு வெற்றிலை, பங்குனியில் கல்யாணம். "பத்திரிகை நான் அடிக்கிறேன்" என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். சொன்னபடியே அடித்தார். அந்த அட்டையை மடிக்கவும் முடியவில்லை, கம்பியில் குத்தவும் முடியவில்லை. தபால்காரர் அதைத் தனியாகக் கட்டித் தூக்கி வந்தார்.

சேதி சொந்தத்துக்குள் பரவியது. அவமானம் என்று சண்டைக்கு வருவார்கள் எனச் செங்கமலம் காத்திருந்தாள். சண்டைக்குத்தான் வந்தார்கள், ஆனால் வேறு சண்டை. குன்னத்துச் சின்னம்மா மெனக்கெட்டு வந்து, "எங்க அட்டை நெளிஞ்சுருச்சுன்னு சொன்னாளாமே, அப்ப அவ கை சரியில்ல" என்று வாதாடிவிட்டுப் போனாள். "எங்க பத்திரிகையை ஏன் சேக்கல? நாங்க என்ன மட்டமா?" என்று மூன்று வருஷம் பேசாமலிருந்த ஒரு பங்காளி வந்து பேசினான். அதன் பிறகு அந்தச் சொந்தத்தில் யாரும் மஞ்சள் தாளில் பத்திரிகை அடிக்கவில்லை. கடன் வாங்கியாவது அட்டைதான்.

பின்பக்கம் திருப்புகிற வித்தையை யார் கேட்டாலும் சிந்தாமணி, "எங்கக்கா கண்டுபிடிச்சது" என்றாள். முதலில் இரண்டு மூன்று தடவை செங்கமலம் கூசினாள். அப்புறம், "ஆமா, நான்தான் பாத்தேன், என்னடா இது முறுக்கிக்குதேன்னு" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். இப்போது அவளுக்கே அது உண்மை.

கல்யாணம் முடிந்து நாலாம் மாதம் அரங்கநாதன் சாமிதுரைக்குப் பஞ்சர் கொட்டகையில் வேலை போட்டுக் கொடுத்துக் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டார். ரோட்டில் போகிறவன் நின்று தன் அட்டையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர அதில் அவருக்கு வேறு சுயநலம் இல்லை. மகளை அந்த வீட்டுக்கு அனுப்பத் தவம் கிடந்தது செங்கமலம். மகளுக்குப் பக்கத்து வாசலில் குடியேறியது சிந்தாமணி. பேரனுக்குக் காய்ச்சல் என்றாலும் பல் முளைத்தது என்றாலும் சேதி முதலில் அவளுக்குத்தான் போகிறது. செங்கமலத்துக்கு அது மறுநாள் பஸ்ஸில் வருகிறது.

சிந்தாமணி இப்போது பாடாலூரில், அரங்கநாதன் உரக்கடைக்குப் பக்கத்து வாசலில், விளக்குக் கம்பத்தில் நூலைக் கட்டிக்கொண்டு மாட்டுக்கும் லாரிக்கும் பட்டை நெய்துகொண்டிருக்கிறாள்.